மைக் இல்லாத ஸ்டிரிங் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெப்பத் திருவிழா முடிந்து வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு எங்கள் இசைச் சங்கம் சென்னையிலிருந்து ஒரு ஸ்டிரிங் ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்து வந்து கச்சேரி நடத்துகிறது. இடம், மதுரை கோரிப்பாளையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளிக்கூட அரங்கம். அறிவிப்பு போட்டதிலிருந்து போன் ஓயவில்லை. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருவிழாவில் நடக்குமே, அந்தப் பாட்டுக் கச்சேரியா?

இல்லை. பாடகர் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, கீபோர்டும் கிடையாது. மேடையில் இருக்கும் 19 பேரும் வில் போட்டுத்தான் வாசிப்பார்கள். முதல் வயலின் 6 பேர், இரண்டாம் வயலின் 5 பேர், வியோலா 4, செல்லோ 3, டபுள் பாஸ் ஒன்று. வியோலா பார்ப்பதற்கு வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிது, குரல் தாழ்ந்தது. செல்லோவைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி உட்கார்ந்து வாசிப்பார்கள். டபுள் பாஸ் ஓர் ஆள் உயரம்.

முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் கண்டக்டரும் வரவில்லை. முதல் வயலின் வரிசையின் தலைவர் மூச்சை இழுத்துத் தலையை அசைப்பார், அதோடு எல்லாரும் தொடங்குவார்கள். முன்பாதியில் உட்கார்ந்தால் அந்த மூச்சே காதில் விழும்.

மைக் இல்லை என்று போட்டிருக்கிறீர்களே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அதற்காகத்தான் இந்தக் கச்சேரியே.

காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற ஊர் நம்முடையது. அதனால் இந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வயலினின் மேல்பலகையும் பின்பலகையும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்துதான் சத்தத்தைப் பெருக்குகின்றன. அந்த வாத்தியத்தை வடிவமைத்ததே அதற்காக. ஒரு வயலினே ஒரு ஹாலுக்குப் போதும். 11 வயலின் ஒரே வரியை வாசிக்கும்போது ஒவ்வொருவர் சுருதியிலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசங்கள் காற்றில் கலந்து பட்டு மாதிரி ஒரு குரலாகி வருவதுதான் கூட்டு வாசிப்பின் அழகு. ஆளுக்கொரு மைக் வைத்தால் அந்தக் கலவை காற்றில் நடக்காது, மிக்ஸர் மேஜையில் நடக்கும். வில் உரசும் கீறல் சத்தம் முன்னுக்கு வந்துவிடும், வியோலாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மதுரைக்கு இது புதிதும் இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது எந்த மைக் இருந்தது? சின்னப் பையன்கள் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடினார்கள். நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

சரி, கடைசி வரிசைக்கு உண்மையிலேயே கேட்குமா?

கேட்கும். வெளியே உள்ள சத்தத்தை நிறுத்த முடிந்தால். அதனால்தான் கல்யாண மண்டபம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கிரானைட் தரையும் கண்ணாடிக் கதவுமாக இருந்தால் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும். இந்தப் பள்ளி அரங்கத்தில் மர மேடை, உயரமான கூரை, நாற்காலிகளுக்குத் துணி உறை. ஆட்கள் நிறைந்தால் எதிரொலி இன்னும் குறையும். காலியான அரங்கத்தை விட நிறைந்த அரங்கம்தான் நல்லது, எங்கள் கல்லாப்பெட்டிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கச்சேரி நடக்கும் நேரம் மின்விசிறிகள் ஓடாது. ஏசியை 4 மணிக்கே போட்டு அரங்கத்தைக் குளிர வைத்துவிட்டு, வாசிக்கத் தொடங்கும்போது குறைத்துவிடுவோம். இதற்குச் சண்டை வரும் என்று தெரியும். பனையோலை விசிறி கொண்டுவரலாம், நாற்காலியில் தட்டாமல் வீசினால் சரி. சித்திரையில் வைக்காததற்கும் இதுவே காரணம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மைக் இல்லாமல் கச்சேரி வைப்பது நடக்கிற காரியமா? வெயிலும் வாத்தியத்துக்கு ஆகாது.

எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்?

முதல் மூன்று வரிசை வேண்டாம். அங்கே பக்கத்தில் இருக்கும் வாத்தியம் மட்டும்தான் கேட்கும். நடு வரிசைகளில் எல்லாம் கலந்து வரும். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது கையில் முதல் வயலின், வலது கையில் செல்லோவும் பாஸும். தாழ்ந்த குரல் பிடிக்குமென்றால் வலப்பக்கம் போங்கள். இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம். துண்டு போட்டு இடம் பிடித்தால் எடுத்துவிடுவோம்.

இது வெள்ளைக்காரர் சங்கீதம். மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவரே இதைக் கேட்டார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயலின் நம் கச்சேரி மேடைக்கு வந்ததற்கு முக்கியமான காரணம் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பம் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். பிறகு அவர் ஆஸ்தான வித்துவானாகப் போய்ச் சேர்ந்த இடம் எட்டயபுரம், அதாவது நாம் தூத்துக்குடிக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர். அதே காலத்தில் அண்ணன் தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். சுமார் 40 நோட்டுஸ்வரங்கள் அப்படி வந்தவை. இங்கிலாந்து அரசருக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டில் அமைந்த ‘ஸந்ததம் பாஹிமாம்’ அவற்றில் ஒன்று.

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரை மணி ஐயர் (1912–1968) கச்சேரியின் கடைசியில் பாடிய ‘இங்கிலீஷ் நோட்டு’ பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரசிகர்கள் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்கும் உருப்படி அது. இயற்றியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், ராகம் சங்கராபரணம். அனுமந்தராயன் கோயில் தெருவில் வளர்ந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் அம்மா சண்முகவடிவு வீணை வாசித்தார். பாட்டி அக்கம்மாள் வாசித்தது வயலின். இளையராஜா 1943-இல் பிறந்த பண்ணைப்புரம் இன்றைக்குத் தேனி மாவட்டம், அன்றைக்கு மதுரை மாவட்டம். அவர் 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தியாகராஜருக்கும் மேல்நாட்டு இசைமேதை பாஹுக்கும் சமர்ப்பணம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய சிம்பொனியை வாசித்தது. இத்தனையும் நம் வாசலிலேயே நடந்திருக்க, சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. டீக்கடை ரேடியோவில் பாட்டின் இடையிசையைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் வயலின் கூட்டமாகப் பாடினால் எப்படியிருக்கும் என்று தெரியும். நேரில், ஒயர் எதுவும் இல்லாமல் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என்னென்ன வாசிப்பார்கள்?

முதலில் மொஸார்ட் 1787-இல் எழுதிய ‘ஐனே க்ளைனே நாஹ்ட்மூஸிக்’. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கு பகுதிகள். மொஸார்ட் தன் கைப்பட எழுதிய பட்டியலில் ஐந்து இருக்கின்றன, ஒன்று தொலைந்துபோனது.

அடுத்து அமெரிக்கரான சாமுவேல் பார்பரின் ‘அடாஜியோ’. 1936-இல் நான்கு பேர் வாசிப்பதற்கு எழுதியதன் ஒரு பகுதி, பிறகு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரிந்தது. சுமார் எட்டு நிமிடம். மெதுவாக ஏறி, உச்சிக்குப் போய், நின்று, இறங்கும். மைக் வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றதற்குப் பாதிக் காரணம் இந்த எட்டு நிமிடம்தான்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுஸ்வரமும், சியாமா சாஸ்திரியின் ‘சரோஜதளநேத்ரி’யும். மீனாட்சி அம்மன் மேல் பாடிய நவரத்னமாலிகைக் கீர்த்தனைகளில் ஒன்று, சங்கராபரணம். அந்த ராகத்தின் சுர வரிசையும் மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் ஒன்றே. ஆனால் விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் அவர்களுடைய ஹார்மனிக்கு ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்க வேண்டும். சுரத்தை அசைத்து இழைக்கும் நம் கமகமோ அதை நிற்கவே விடாது. இரண்டையும் அப்படியே ஒட்டினால் கலங்கிப்போகும். அதனால் இந்த அமைப்பில் பல்லவியை வியோலாக்கள் கமகத்தோடு வாசிக்க, செல்லோக்கள் ஷட்ஜத்தையும் (ச) பஞ்சமத்தையும் (ப) மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டிருக்கும். சரணத்தில்தான் ஹார்மனி விரிகிறது. எனக்குப் பல்லவி பிடித்தது. சரணத்தைப் பற்றி நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இடைவேளைக்குப் பிறகு சைகோவ்ஸ்கியின் ‘ஸெரனேட்’ (1880), அரை மணி நேரம். வாத்தியக்காரர்கள் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தன் விருப்பத்துக்கு ஒத்தது என்று அவர் இசைக் குறிப்புத் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார். 19 பேரைப் பார்த்தால் மனுஷன் முகம் சுளிப்பார். எங்கள் வசதிக்கு இவ்வளவுதான். கடைசியில் ‘இங்கிலீஷ் நோட்டு’ உண்டு, சீட்டு எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

சினிமாப் பாட்டு?

கிடையாது. பொதுமேடையில் வாசிக்க உரிமம் வாங்க வேண்டும், அதற்குப் பணமும் நேரமும் ஆகும். அப்புறம், இரண்டு சினிமாப் பாட்டு இருந்தால் மற்ற எல்லாமே அதற்குக் காத்திருக்கும் நேரமாகிவிடும்.

மிருதங்கம் இல்லாமல் தாளம் எப்படி?

பாஸையும் செல்லோவையும் கவனியுங்கள். பல இடங்களில் வில்லை வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுவார்கள், தாளம் அங்கேதான் இருக்கும். வில்களையும் பாருங்கள். ஒரு வரிசையில் எல்லா வில்லும் ஒரே சமயத்தில் மேலே போகும், ஒரே சமயத்தில் கீழே வரும். எந்த சுரத்துக்கு எந்தப் பக்கம் என்று தாளில் முன்கூட்டியே குறித்துவைத்து ஒத்திகை பார்க்கிறார்கள். தனி ஆவர்த்தனம் கிடையாது. மடியில் விரலால் தாளம் போடலாம், தொடையில் அடிக்க வேண்டாம்.

எப்போது கைதட்டுவது? தப்பான இடத்தில் தட்டினால் முறைப்பார்களாமே?

இங்கே யாரும் முறைக்க மாட்டார்கள். பகுதிகளுக்கு நடுவில் தட்டக் கூடாது என்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். 1778-இல் பாரிஸில் மொஸார்ட்டின் சிம்பொனியை வாசித்தபோது, முதல் பகுதியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டினார்கள். அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதினேன், முடிவிலும் அதை ஒருமுறை வைத்தேன் என்று சந்தோஷமாக அப்பாவுக்குக் கடிதம் போட்டார். அதனால் மொஸார்ட்டுக்கு மனசுக்குப் பட்ட இடத்தில் தட்டுங்கள்.

பார்பருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அது மிக மெலிதாக முடியும். வில் எல்லாம் கீழே இறங்கும் வரை பொறுத்திருங்கள். ‘பேஷ்’, ‘ஆஹா’ எல்லாம் கீர்த்தனைக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தையோடு வரலாமா?

வரலாம், கதவுப் பக்கம் உட்காருங்கள். அழுதால் வராந்தாவுக்கு எடுத்துப்போங்கள், அடங்கியதும் ஓர் உருப்படி முடியும் இடத்தில் உள்ளே வாருங்கள். ஆறேழு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளை நாங்களே முன்னால் உட்கார வைக்கிறோம். முதல் மூன்று வரிசை வேண்டாம் என்று சொன்னது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்குப் பார்ப்பதுதான் பாதிக் கச்சேரி.

கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்த விரும்புகிறோம். மேடையில் எப்போது வரலாம்?

வேண்டாம். பொன்னாடை இல்லை, மாலை இல்லை, குத்துவிளக்கு இல்லை, சிறப்பு விருந்தினர் உரை இல்லை. சங்கத் தலைவர் இரண்டு நிமிடம் பேசுவார், அதுவும் மைக் இல்லாமல் என்பதால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். மரியாதை செய்ய விரும்பினால் கச்சேரி முடிந்த பிறகு உள் அறைக்கு வந்து செய்யுங்கள். தோளில் வயலின் இருக்கும் ஆளுக்குச் சால்வை போர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

200 ரூபாய் அதிகம் இல்லையா? சங்கக் கச்சேரி என்றால் இலவசம்தானே?

உறுப்பினர்களுக்கும் அடையாள அட்டையோடு வரும் மாணவர்களுக்கும் இலவசம்தான். மற்றவர்களுக்கு 200. ரயிலில் செல்லோவுக்குத் தனியாக ஒரு சீட் போட வேண்டும். டபுள் பாஸ் ரயில் பெட்டிக்குள் ஏறாது, 450 கிலோமீட்டருக்கு மேல் வேனில்தான் வர வேண்டும். 19 பேருக்கு இரண்டு ராத்திரி தங்கும் செலவு தனி. கணக்கு நோட்டு கவுண்டரிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

தாமதமாக வந்தால்?

6 மணிக்குக் கதவு மூடும். அடுத்த உருப்படி வரை வெளியே நிற்க வேண்டியதுதான், யாராக இருந்தாலும். பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் கோரிப்பாளையத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. ஞாயிறு என்றாலும் சிக்னலில் நிற்க நேரம் வைத்துக் கிளம்புங்கள். பள்ளி மைதானத்தில் பைக் நிறுத்தலாம், காருக்கு இடம் குறைவு. எட்டு மணிக்குள் முடிந்துவிடும், ராத்திரி சென்னை ரயிலைப் பிடிப்பவர்கள் நிதானமாகப் போகலாம்.

செல்போனை அணைத்துவிடுங்கள். வைப்ரேஷனில் வைத்தால் மர நாற்காலியே மத்தளமாகிவிடும். வீடியோ எடுக்க வேண்டாம்.

சாப்பிட ஏதாவது?

இடைவேளையில் காபி, பருத்திப்பால், உளுந்த வடை. உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது, முக்கியமாக சிப்ஸ் பாக்கெட்.

என் மகள் நான்கு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். இதைக் கேட்டால் குழம்பிவிடுவாளா?

குழம்ப மாட்டாள், கண்ணை அகல விரிப்பாள். அவள் கையில் இருப்பதும் இதே வாத்தியம்தான். அவள் தரையில் உட்கார்ந்து, நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் அதைத் தாங்கிப் பிடிக்கிறாள், அதனால் இடது கை சுதந்திரமாக வழுக்கிப் போகிறது, கமகம் பிறக்கிறது. இவர்கள் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் வைக்கிறார்கள். அவள் நான்கு தந்தியையும் ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்குச் சேர்ப்பாள். இவர்களுக்குப் பாடகர் யாராக இருந்தாலும் சுருதி மாறாது. கச்சேரிக்கு முன் எல்லாரும் சேர்ந்து ஒரு சுரத்தைப் பிடிப்பார்களே, அது நம் கணக்கில் ஆறு கட்டை, பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ். அங்கிருந்து பஞ்சமம் பஞ்சமமாக மற்ற தந்திகள் அமையும்.

அன்று காலை 10 மணிக்கு ஒத்திகையை மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். கேள்வியும் கேட்கலாம். வில் எந்த இடத்தில் தந்தியைத் தொடுகிறது, எவ்வளவு நீளம் போகிறது என்று மட்டும் அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமான வில் எந்த சம்பிரதாயத்துக்கும் உதவும்.

தன் வயலினையும் எடுத்து வரட்டும், ஆனால் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டு வர வேண்டாம். வயலின் பலகைகளை ஒட்டுவது சூடுபட்டால் இளகும் வஜ்ரப் பசையால். மரம் விரிந்து சுருங்கினால் பலகை பிளப்பதற்கு முன் ஒட்டு விடட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். தை வெயில்தானே என்று நினைக்காதீர்கள், கண்ணாடி ஏற்றிய காருக்கு எல்லா மாதமும் சித்திரைதான்.

தாத்தாவின் பழைய வயலின் பரணில் கிடக்கிறது. உள்ளே ‘ஸ்ட்ராடிவேரியஸ்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. வருபவர்கள் பார்த்துச் சொல்வார்களா?

பார்ப்பார்கள், ஒத்திகைக்குப் பிறகு கொண்டுவாருங்கள். ஆனால் கோடீஸ்வரக் கனவோடு வர வேண்டாம். இத்தாலியில் கிரெமோனா ஊரில் 1737 வரை வாழ்ந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியின் அமைப்பைப் பார்த்து, ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆயிரக்கணக்கில் வயலின் செய்து, உள்ளே அவர் பெயரையே ஒட்டி விற்றார்கள். யாரையும் ஏமாற்றுவதற்கு என்று சொல்ல முடியாது, எந்த மாதிரி என்று காட்டவும் அந்தச் சீட்டு பயன்பட்டது. உங்கள் வீட்டில் இருப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். சரி செய்தால் வாசிக்க நன்றாகவே இருக்கும்.

கொண்டுவருவதற்கு முன் மெதுவாக அசைத்துப் பாருங்கள். உள்ளே குச்சி உருளும் சத்தம் கேட்டால், மேல்பலகையைத் தாங்கும் சின்ன மரத்தூண் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியிருந்தால் நான்கு தந்தியையும் தளர்த்திவிட்டு எடுத்து வாருங்கள். முறுக்கேற்றி ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே என்று மட்டும் ஆசைப்படாதீர்கள், பலகை உள்வாங்கிவிடும்.